சாப்பிடாத பிள்ளையும் நாட்டு மருந்துக் கடையும்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்கள் நாட்டு மருந்துக் கடை. தாத்தா ஆரம்பித்தது, அப்பா நடத்தியது, இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டுவலிக்கு அடுத்தபடியாகக் கல்லாவுக்கு வரும் புகார், "பிள்ளை சாப்பிட மாட்டேங்குது அண்ணாச்சி" என்பதுதான். தாத்தா காலத்திலும் இதேதான் என்று அப்பா சொல்வார். சொல்கிற ஆள் மாறும், கேட்கிற மருந்து மாறும், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் வயது மட்டும் மாறாது. கைக்குழந்தை என்றால் வயிற்று உப்புசம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் சளி. ஒரு வயது தாண்டி மூன்று வயதுக்குள் இருக்கிறதா, அது சோற்றுப் புகார்தான்.

இந்தப் புகார் மருந்துக் கடைகளுக்கு ரொம்ப முந்தியது. எங்களிடம் திரிபலா வாங்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு நற்றிணையின் 110ஆம் பாட்டைக் கதையாகவே சொல்லிவிட்டார். போதனார் பாடியது. செவிலியின் ஒரு கையில் பொற்கிண்ணம், அதில் தேன் கலந்த பால். இன்னொரு கையில் நுனி மெத்தென்ற சிறு கோல், சும்மா ஓங்குவதற்கு. குடி குடி என்று அவள் துரத்த, சிறுமி சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடிவிடுகிறாள். நரைத்த செவிலியர் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். அப்பேர்ப்பட்டவள் கல்யாணமாகிப் போன வீட்டில், வேளை தப்பி ஒரு நேரம் சாப்பிட்டுக்கொண்டு, அப்பா வீட்டுச் சோற்றை நினைக்காமல் இருக்கிறாளே என்று தாய்க்கு ஆச்சரியம்.

பாட்டு அவளுடைய பக்குவத்தைப் பற்றியது. என் கண் நின்றது பொற்கிண்ணத்தில். தேனும் பாலும் இருந்து, துரத்துவதற்கு ஆளும் இருந்த வீட்டில்தான் பிள்ளை சாப்பிடாதது ஒரு காட்சியாகிறது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதும் அரண்மனைப் பிள்ளைதான். நெய்ச்சோற்றில் கையை விட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற பிள்ளை இல்லாத வாழ்க்கை வாழ்க்கையே இல்லை என்கிறான் ராஜா. இன்று அதே காரியத்தைப் பிள்ளை செய்தால், தரை துடைக்கும் துணியைத் தேடிக்கொண்டே நாம் ஊட்ட ஆரம்பித்துவிடுகிறோம். கூழுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் புறநானூற்றில் உண்டு, ஆனால் அது பசித்து அழுகிற பிள்ளை.

நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதும் பழையது. பிள்ளைத்தமிழில் அதற்கென்று அம்புலிப் பருவமே இருக்கிறது. பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயத்தாலும் புலவர்கள் நிலாவை மடக்கிப் பார்ப்பார்கள் என்று அதே வாத்தியார் சொன்னார். எங்கள் தெருவில் அந்த நான்கும் நிலாவுக்கு இல்லை, பிள்ளைக்குத்தான். "என் ராசால்ல" என்று தொடங்கி, "காக்காவுக்குக் குடுத்துருவேன்" என்று பிரித்து, "முறுக்கு வாங்கித் தர்றேன்" என்று பேரம் பேசி, கடைசியில் பூச்சாண்டியையோ குடுகுடுப்பைக்காரரையோ ஊசி போடுகிற டாக்டரையோ கூப்பிட்டு முடியும்.

உபாயம் நான்கும் தோற்ற பிறகுதான் கடைக்கு வருவார்கள். தாத்தா காலத்தில் அதற்கு ஒரு பெட்டி தனியாக இருந்தது. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு, பெருங்காயம். உரை மருந்து என்போம். காயையெல்லாம் இட்லிப் பானையில் வேகவைத்துக் காயவைக்க வேண்டும். வசம்பை விளக்குச் சுடரில் கருக்க வேண்டும். பிறகு தாய்ப்பாலோ வெந்நீரோ ஒரு சொட்டு விட்டு உரைகல்லில் இழைப்பது. எதை எத்தனை இழைப்பு என்பது வீட்டுக் கிழவிக்குத்தான் தெரியும். ஜாதிக்காய் ஓர் இழைப்பு கூடினால் பிள்ளை அன்றைக்கெல்லாம் தூங்கும். தூங்குகிற பிள்ளை சாப்பாடு வேண்டாமென்று சொல்லாது. அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. ராத்திரியில் பேர் சொல்லக்கூடாது என்பதால் வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று கேட்டு வாங்குவார்கள். அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நானும் இப்போது அதையே சொல்லித்தான் விற்கிறேன்.

தாத்தாவிடம் அட்டை கிழிந்த பாலவாகடம் ஒன்று இருந்தது. பிள்ளை நோய்களுக்கான சித்த மருத்துவ நூல். சாப்பிடாமை அதில் பெரும்பாலும் மாந்தத்துக்குள் வரும். பால் மாந்தம், செரியா மாந்தம் என்று வகை வகையாக இருக்கும். நாக்கு வெளுத்திருக்கிறதா, மலம் எப்படி நாறுகிறது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறதா என்றெல்லாம் தாத்தா கேட்பார். அந்தக் கேள்விகளில் பாதி, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பூச்சி அன்றைக்கு நிஜமான தொந்தரவு. குப்பைமேனிச் சாறு, வேப்பங்கொழுந்து, அப்புறம் சனிக்கிழமை காலை விளக்கெண்ணெய். 2015 முதல் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் கடையில் விளக்கெண்ணெய் இப்போது முழங்காலுக்குத்தான் போகிறது.

அப்பா காலத்தில் கல்லாவுக்குப் பின்னால் கிரைப் வாட்டர் பாட்டில்கள் வந்து நின்றன. நாட்டிங்ஹாம் ஊரில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1851இல் செய்தது. சர்க்கரைத் தண்ணீர், சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய். பழைய கலவையில் கொஞ்சம் சாராயமும் உண்டு. பிரிட்டனில் 1990களில்தான் அதை எடுத்தார்கள். சதகுப்பை எங்கள் கடையில் தாத்தா காலத்திலிருந்து மூன்றாவது வரிசைப் பெட்டியில் இருக்கிறது. அதைக் காசுக்குக் கொஞ்சம் என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது பேரம் பேசியவர்கள், அதே சரக்கு கப்பலேறி பாட்டிலில் வந்தபோது சொன்ன விலைக்கு வாங்கினார்கள். அப்பாவுக்கு இதில் கடைசிவரை ஓர் ஆற்றாமை. பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறைகளை வரிசையாக நிறுத்துகிற அதன் டிவி விளம்பரம் வந்தால், எழுந்துபோய்விடுவார். அது கைக்குழந்தை வயிற்றுக்கு என்று வந்ததுதான். எங்கள் ஊரில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பசியெடுக்க ஒரு மூடி ஊற்றினார்கள்.

கடைக்குப் போட்டி வெளியிலும் இருந்தது. தொக்கம் எடுப்பவர்கள். பிள்ளையின் வயிற்றிலோ தொண்டையிலோ ஏதோ ஒட்டிக்கொண்டதால்தான் சாப்பிடவில்லை என்பது நம்பிக்கை. குழலை வைத்து உறிஞ்சி, கிண்ணத்துத் தண்ணீரில் துப்பிக் காட்டுவார்கள். முடி, சோற்றுப் பருக்கை, பஞ்சுத் துணுக்கு. இது கண்கட்டு, தொண்டையில் புண் பட்டால் ஆபத்து என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தொக்கம் எடுத்த மறுநாள் பிள்ளை சாப்பிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. தடை போய்விட்டது என்ற நிம்மதியில் தாய் அன்றைக்குத் திணிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில், எல்லா மதத்துப் பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்களே, அதுவும் இதற்குத்தான். வெளியே வருகிற பெரியவர்கள் ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். காசு வாங்காத, புண் படுத்தாத வைத்தியம். நான் அங்கே போக வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சவலைப் பிள்ளை மட்டும் வேறு கதை. தம்பியோ தங்கையோ பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, சோற்றுக்கும் பழகாமல், வயிறு உப்பி, கை கால் சூம்பி, எந்நேரமும் நச்சரிக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளை அடம் பிடித்துச் சாப்பிடாமல் இருக்கவில்லை. நோயில் பசியே போயிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், அடுத்த குழந்தை வந்ததும் பால் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு வருகிற இப்படியொரு நோயை 1933இல் எழுதி வெளியிட்டார். அவரே பிறகு சிங்கப்பூர் வந்து, சர்க்கரை போட்ட டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என்று 1939இல் மேடையிலேயே பேசினார். நம் ஊரிலும் அந்த டின்கள் வந்தன. பிறகு பால் பவுடர் டப்பாக்கள் வந்தன. கன்னம் உப்பிய குழந்தைப் படத்தைப் பார்த்துத்தான் தாய்மார்கள் தங்கள் பிள்ளையை அளந்தார்கள். கொழுகொழுவென்று இருந்தால் 'அமுல் பேபி'. அப்படி இல்லாத பிள்ளை சாப்பிடாத பிள்ளை. 1992இல் வந்த சட்டம் அந்த டப்பாக்களில் குழந்தைப் படமே போடக்கூடாது என்று தடுத்தது. என் கணக்கில், சோற்றுப் புகாரைக் குறைக்க அரசாங்கம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

1980களில் புகாருக்குப் புதுப் பேர் வந்தது. பிரைமரி காம்ப்ளெக்ஸ். சாப்பிடவில்லையா, எடை ஏறவில்லையா, அடிக்கடி சளியா? முன்கையில் ஊசி போட்டு வட்டம் வரைந்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்குக் காசநோய் மருந்து. உண்மையிலேயே காசநோய் இருந்த பிள்ளைகளை அது காப்பாற்றியது. இல்லாத பிள்ளைகள் பலருக்கும் கொடுத்துவிட்டோம் என்று குழந்தை டாக்டர்களே பின்னால் எழுதியிருக்கிறார்கள். எதிர்வரிசை இங்கிலீஷ் மருந்துக் கடைகளில் பசி டானிக் வந்ததும் அந்தச் சமயந்தான். அலர்ஜிக்கான சிப்ரோஹெப்டடினுக்குப் பக்க விளைவாகத் தூக்கமும் பசியும் வரும். அந்தப் பக்க விளைவையே பாட்டிலில் ஊற்றி விற்றார்கள். எங்கள் ஜாதிக்காயைக் குறை சொன்னவர்கள்தான் இதைச் சீட்டே இல்லாமல் வாங்கிப் போனார்கள்.

இத்தனை மருந்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. எதைக் கொடுப்பதற்கும் முன்னால் பிள்ளையை நிறுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கடுக்காயைத் தராசில் வைத்து, ஒரு காய் கூடினால் எடுத்துப் போடுகிற நாங்கள், பிள்ளையைக் கண்ணால் பார்த்து "இளைச்சிருக்கு" என்றோம். அந்தக் கண் பொய் சொல்லும். ஓடியாடுகிற பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தால் இளைத்த மாதிரித்தான் தெரியும். ஊதின முகத்தோடு இருக்கிற நோயாளிப் பிள்ளை தேறின மாதிரித் தெரியும்.

எடை பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தது 1980இல். உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஆறு மாவட்டங்களுக்குப் போட்டார்கள். மதுரை மாவட்டத்தில்தான் தொடக்கம். 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டு அட்டையில் கோடு இழுப்பார்கள். என் பெரியம்மா மகள் மேலூர்ப் பக்கம் அந்த வேலையில் இருந்தாள். முதல் சில மாதம் தாய்மார்கள் பிள்ளையைக் கொடுக்கவே மாட்டார்களாம். நிறுத்தால் கண் பட்டுவிடும், பிள்ளை தேயும் என்று பயம். அக்கா ஒரு மைச்சிமிழைக் கூடவே கொண்டுபோனாள். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் தாய் கையாலேயே கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. அப்புறம் எடை. மேலதிகாரி பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ, வேலை நடந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, எல்லாப் பிள்ளைக்கும் உணவு கொடுக்கவில்லை என்பதுதான். கோடு ஏறாமல் படுத்துவிட்ட பிள்ளைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த லட்டு, 90 நாள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஏறாவிட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள். வாயைத் திறக்காத பிள்ளைகளில் எது ஆபத்து, எது அடம் என்று பிரிக்க அந்த ஊர்களில் முதல் தடவையாக ஒரு வழி கிடைத்தது. "அக்கா, இவ ஒரு வாயும் வாங்க மாட்டேங்குறா" என்று அழுத தாயிடம், அக்கா ஏறிப் போகிற கோட்டைக் காட்டி, "காத்தைத் தின்னா இந்தப் புள்ள வளருது?" என்று கேட்பாளாம். கோடு சரிந்த பிள்ளைகளின் தாய்மார்கள்தான் பல நேரம் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள், அவர்கள் வீட்டுக்கு நாமாகத்தான் போக வேண்டும் என்பாள்.

முதலில் சொன்ன வயதுக் கணக்கும் எனக்கு அந்த அட்டையைப் பார்த்துத்தான் புரிந்தது. 3 கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் 9 கிலோவுக்கு வந்துவிடும். அடுத்த ஒரு வருஷத்தில் ஏறுவது 2, மிஞ்சினால் இரண்டரை கிலோ. கோடு அங்கே இயல்பாகவே சாய்கிறது. வளர்ச்சி மெதுவானதும் பசியும் குறைகிறது. நடக்கத் தெரிந்துவிட்டதால் உட்கார நேரமில்லை. வாயில் புதிதாக எது வந்தாலும் துப்பிப் பார்க்கிற புத்தியும் அந்த வயதில்தான் வருகிறது. நேற்றுவரை கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை இன்று பாதியில் மூஞ்சியைத் திருப்பினால் தாய்க்குப் பதறத்தான் செய்யும். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் சாப்பிட்டது அந்தப் பதற்றத்தில்.

1982 ஜூலை 1இல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயது முடிந்த பிள்ளைகளையும் பால்வாடியில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் வாய் திறக்காதது அங்கே வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிறது என்று ஆயாக்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்துத் தட்டில் ஒரு கை சாப்பிடுவதைப் பார்ப்பதைவிட நல்ல பசி மருந்து என்னிடம் இல்லை.

பிள்ளையை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற டாக்டர் 1920களிலேயே சோதித்துப் பார்த்தார். தாய்ப்பால் நிறுத்தப்போகிற 15 குழந்தைகளுக்கு, மொத்தம் 34 வகை உணவிலிருந்து தட்டுத் தட்டாக எதிரே வைப்பது. நர்ஸ் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பிள்ளை கை நீட்டினால்தான் ஊட்டலாம், "சாப்பிடு" என்று சொல்லவே கூடாது. எலும்பு மெலிந்துவந்த ஒரு பையனுக்கு மீன் எண்ணெயும் ஒரு கிளாசில் வைத்தார்கள். நோய் தீரும்வரை அவ்வப்போது தானாகக் குடித்தவன், தீர்ந்ததும் விட்டுவிட்டான். எல்லாப் பிள்ளையும் நன்றாக வளர்ந்தது. 1939இல் இதைத் தொகுத்து எழுதியபோது அந்த அம்மாவே ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்: சூட்சுமம், என்ன வைத்தோம் என்பதில் இருக்கிறது. தட்டில் சர்க்கரைப் பண்டம் எதுவும் கிடையாது. என் கல்லாவுக்கு வருகிற பிள்ளையின் கையில் பெரும்பாலும் பிஸ்கட் இருக்கும். காலையில் ஒரு டம்ளர், பத்து மணிக்கு ஒரு டம்ளர், தூங்கி எழுந்ததும் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பால் வேறு போயிருக்கும். சோற்றுக்கு இடம் ஏது? பாலே வயிற்றை நிரப்பினால் இரும்புச்சத்தும் குறையும், குறைந்தால் பசி இன்னும் மந்திக்கும். இதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று அப்பா இருந்திருந்தால் கண்ணைக் காட்டியிருப்பார்.

இப்போது யூடியூப் பார்த்துச் சத்துமாவுப் பட்டியல் கொண்டுவருகிறார்கள். 30 சாமான், 40 சாமான். பாதாம், பிஸ்தா, மக்கானா, அக்ரூட். லாபம் எனக்கு அதில்தான். இருந்தாலும் சேலத்தில் பிறந்து குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கிய ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் காலமெல்லாம் சொன்னது வேறு. நம் பிள்ளைகளுக்குக் குறைவது அபூர்வமான புரதப் பொடி இல்லை, வீட்டுத் தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைக்காததுதான் என்றார் அவர். நான் கேழ்வரகு, கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை என்று ஐந்தோடு நிறுத்தச் சொல்வேன். 40 சாமானில் ஒன்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வாரம் ஒரு பெண் மாமியார் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தாள். "முதல்ல அங்கன்வாடியில எடை போட்டியா தாயி?" என்றேன். போட்டிருக்கிறாள், அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், கோடு நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. "அப்ப எதுக்கு மருந்து?" "அத்தை விட மாட்டேங்குறாங்க அண்ணாச்சி." சீட்டில் இருந்த ஜாதிக்காயை மட்டும் அடித்துவிட்டு, மாவுக்கு ஐந்து சாமானும் கட்டிக் கொடுத்தேன். வசம்பு வளையலும் கேட்டாள். கையில் போட்டால் வாயில் வைத்துக் கடிக்கும், அத்தை கேட்டால் தொட்டில் கயிற்றில் கட்டியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள் என்றேன்.